மாரியிலும் நிற்காத விளையாட்டு

 

பல்லேகல பக்கத்து மாரி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? 2010 டிசம்பரில் பல்லேகல மைதானத்தில் முதன்முதலாக நடந்த டெஸ்ட் கிரிக்கெட் போட்டியையே மழை குலைத்துவிட்டது. மேற்கிந்தியத் தீவுகளுடனான அந்த ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இதுதான் நிலைமை. கொடியில் போட்ட உடுப்புக் காய்வதில்லை. பிள்ளைகளும் வீட்டுக்குள், நாமும் வீட்டுக்குள்.

இந்த மாதங்களிலும் ஒரு வெளி விளையாட்டைப் பழகலாம் என்றால் நம்புவீர்களா? கோல்ஃப் விளையாட்டைப் பழகலாம்.

பல்லேகலயிலிருந்து மஹியங்கனை வீதியில் திகனைப் பக்கம் போனால், ரஜவெல்லயில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரமாக 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் இருக்கிறது. 1999இல் திறக்கப்பட்டது. "அது பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்பீர்கள். மைதானத்தில் இறங்கி ஆடச் செலவு கூடத்தான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 18 குழிகளுக்கும் சேர்த்துப் பொதுவாக 72 அடிகள் என்று வைப்பார்கள். அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மெல்லிய அடிகள். ஆக, பாதிக் கணக்கு உருட்டுவதில்தான் இருக்கிறது. அதற்கு ஏக்கர் கணக்கில் புல்வெளி வேண்டாம். வீட்டுக் கூடத்தில் விரித்த கம்பளம் போதும். பனி மூடும் நாடுகளில் குளிர்காலத்தில் பலரும் இப்படித்தான் பழகுகிறார்கள்.

உருட்டும் மட்டைக்குப் 'பட்டர்' என்று பெயர். பாணில் பூசும் பட்டர் அல்ல! பாவித்த பழைய மட்டை ஒன்றும் இரண்டு பந்துகளும் கிடைத்தால் போதும்.

தேநீர்க் கோப்பை ஒன்றைக் கம்பளத்தில் சரித்து வையுங்கள். உண்மையான குழியின் அகலம் 108 மில்லிமீற்றர். கோப்பையின் வாய் அதைவிடச் சிறியது. சிறியதில் பழகிய கண்ணுக்குப் பெரியது இலேசாகத் தெரியும். முதலில் மூன்றடி தூரத்தில் நில்லுங்கள். கண்கள் பந்துக்கு நேர் மேலே இருக்கட்டும். மணிக்கட்டை மடக்காமல், மணிக்கூட்டு ஊசல் போலத் தோள்களிலிருந்து மட்டையை ஆட்டுங்கள். அடித்தவுடன் தலையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். பந்து கோப்பையில் விழும் சத்தத்தைக் காதால் கேளுங்கள். பத்தில் எட்டு விழுந்த பிறகு ஆறடிக்குப் போங்கள். அதான் சத்தம் கேட்டால் மட்டையைச் சுவரில் சாத்திவிடுங்கள்.

உருட்டுவது கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி. உடம்புக்கும் அசைவு வேண்டுமே! விறாந்தையில் மின்விளக்குக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் நின்று, சுருட்டிய துவாயை இரு கைகளாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பி மெதுவாக வீசிப் பாருங்கள். வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து. முதுகுவலியோ மூட்டுவலியோ உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடிமின்னல் அதிகம். அந்நேரம் வெட்டவெளியில் மட்டையோடு நிற்பது உயிருக்கே ஆபத்து. இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி முழங்கி 30 நிமிடம் கழியும் வரை வெளியே வரக்கூடாது. மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

இவ்வளவும் எதற்கு என்கிறீர்களா? நம் வீடுகளில் பெண்பிள்ளை பெரியவளானதும் முதலில் நின்றுபோவது அவளுடைய விளையாட்டுத்தான். நாற்பதைத் தாண்டும்போது சீனி வருத்தமும் பிரஷரும் வந்து சேர்கின்றன. அப்போது வைத்தியர் "நடவுங்கள், உடம்பை அசையுங்கள்" என்கிறார். அசைவை நிறுத்தியது யார்? மார்க்கமா? ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. மொரோக்கோ நாட்டுப் பெண் மஹா ஹத்தியூவி 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் கோல்ஃப் ஆடினார். நம் பிள்ளைகள் எல்லோரும் ஒலிம்பிக் போக வேண்டியதில்லை. பதினைந்து வயதிலும் ஐம்பது வயதிலும் விளையாடலாம் என்று தெரிந்து வளர்ந்தால் போதும்.

ஜனவரி பிறந்து மழை குறைந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு காலையில் நடக்கப் போங்கள். அதுவரை இந்த மாரியில் கம்பளத்தை விரியுங்கள், கோப்பையைச் சரியுங்கள். முதல் அடியை உம்மா அடிக்கட்டும். மகள் எண்ணட்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக!