எலும்பு பற்றிக்கொள்ளும் உலோகம்

1950களில் சுவீடனின் பெர்-இங்வார் பிரானமார்க், முயலின் காலெலும்பில் பொருத்திய டைட்டேனியக் கருவியைக் கழற்ற முயன்றார், வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் மனிதத் தாடையில் செயற்கைப் பல்வேராக அதே உலோகத்தைப் பதித்தார். இதன் தாது தமிழகத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு.

எலும்பு இந்த உலோகத்தை ஏற்பது துணி அறிந்தவர்களுக்கு எளிதில் புரியும். துணிக்குப் பலம் நூலிலும் பின்னலிலும். தொட்டால் தெரிவது பினிஷிங். உலோகத்திலும் அப்படித்தான். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டேனியத்தைச் சுமார் 995 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால், உள்ளே அடுக்கடுக்கான தகடுகள் உருவாகும். சட்டெனக் குளிர்வித்தால் ஊசி போன்ற நுண்படிகங்கள். வலிமை இந்த உள்ளமைப்பைப் பொறுத்தது.

எலும்பு செல் தொடுவதோ மேலே சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலத்தை. துகள் வீசி, அமிலத்தில் அரித்தால் மைக்ரான் அளவுக் குழிகள் விழும். உள்ளமைப்பின் பகுதிகள் ஒரே வேகத்தில் கரையாததால் அதன் சாயலும் வெளியே தெரியும். வழவழப்பான பரப்பில் எலும்பு செல்கள் வேகமாகப் பெருகும். சொரசொரப்பில் பெருக்கம் குறைந்தாலும் முதிர்ந்து எலும்பு கட்டும். நமக்கு வேண்டியது அந்த முதிர்ச்சிதான். செயற்கைப் பல்வேரில் ஈறு தொடும் கழுத்தைப் பொதுவாக வழவழப்பாக விடுகிறார்கள், கிருமி எளிதில் ஒட்டாதிருக்க.