செய்: கல்வெட்டு முதல் மொய் நோட்டு வரை

ஆடி பிறந்ததும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் மொய் விருந்து களைகட்டும். செலவைப் பங்கிட்டுக்கொள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிவிருந்து வைப்பார்கள். ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு நோட்டு. பெயர், ஊர், தொகை மூன்றும் பதிவாகும். சாப்பிட்டுக் கை கழுவியவர் மேசைக்கு வந்து கேட்பார்: “நாங்க போன தடவை எவ்வளவு செஞ்சிருந்தோம்?”

இந்த ஊர்ப் பேச்சில் ‘செய்’ என்றால் கொடு. மற்ற இடங்களில் செய்முறை என்பது சமையல் குறிப்பு. பள்ளிக்கூடத்தில் அது ஆய்வகத் தேர்வு. இங்கே தாய்மாமன் காதுகுத்துக்குக் கொண்டுவரும் சீரும் செய்முறைதான், மொய்ப் பணமும் செய்முறைதான். வாங்கியவர் தன் முறை வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டும். கூடுதலாகச் செய்தால், அந்தக் கூடுதல் புது மொய். விருந்தில் சேர்ந்த மொய்ப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களும் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது, திருப்பிச் செய்ய வேண்டியவர்களின் கையும் முடங்கிப்போனது.

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 600-க்கும் மேற்பட்ட பொருள்களை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் பிரித்திருக்கிறார்கள். நம் ‘செய்’யும் லேசுப்பட்டதல்ல. செயலும் செய்தியும் செய்யுளும் அதன் பிள்ளைகள். இலக்கண வகுப்பில் செய்வினை ஒரு வாக்கிய வகை. அதே சொல்லைக் கோடாங்கியிடம் சொன்னால் தகடு எடுக்கக் கிளம்பிவிடுவார். ‘வச்சு செஞ்சுட்டாங்க’ என்று இளவட்டங்கள் சொன்னால், யாரோ வகையாகச் சிக்கியிருக்கிறார் என்று அர்த்தம். வயலுக்கும் செய் என்றே பெயர். நஞ்சை, புஞ்சை என்று நாம் சொல்வது நன்செய், புன்செய்தான்.

இந்தச் சொல்லின் உறவு பெரிது. கன்னடத்தில் ‘கெய்’, தெலுங்கில் ‘சேயு’. தெலுங்கர்கள் ‘செய்யி’ என்றால் அது ‘செய்’ என்ற ஏவலாகவும் இருக்கலாம், கையாகவும் இருக்கலாம்.

புதுக்கோட்டை மண்ணில் ‘செய்’ என்ற சொல்லின் மிகப் பழைய சாட்சி சித்தன்னவாசல் குன்றின் மேல் இருக்கிறது. ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில், சமண முனிவர்களுக்காக வழவழவென்று செதுக்கிய கற்படுக்கைகள். அதில் ஒன்றன் ஓரத்தில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஒரு வாசகம். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் இந்த இருக்கையைச் ‘செய்த’ சேதி அதில் இருக்கிறது. எருமிநாடு மைசூர்ப் பக்கம் என்பது ஆய்வாளர் கருத்து. ஆக, வெளியூரிலிருந்து வந்த துறவிக்கு உள்ளூர்க்காரர் செய்த செய்முறை அது. மொய் நோட்டில் எழுதுவதும் அதையேதான்: யாருக்கு, எந்த ஊர், யார் செய்தது.

சித்தன்னவாசல் போகிறவர்களில் பலர் அங்குள்ள குகைக்கோயிலின் தாமரைக்குள ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெயில் ஏறுமுன் போய், குன்றின் மேலும் ஏறிப் பாருங்கள்.