அபினிக்கு அடிமையான புனிதர்



போதைக்கு அடிமையான ஒருவர் புனிதராக முடியுமா? 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சீன நாட்டு மறைச்சாட்சிகள் 120 பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களில் ஒருவர் மாற்கு ஜி தியான்சியாங் என்னும் மருத்துவர்.

1834இல் பிறந்த இவர் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். தமக்கு வந்த வயிற்று நோய்க்கு, அக்கால வழக்கப்படி அபினியை மருந்தாக உட்கொண்டார். அது அவரைப் பிடித்துக்கொண்டது. பாவசங்கீர்த்தனம் செய்தார், மீண்டும் விழுந்தார், மீண்டும் வந்தார். இவருக்குத் திருந்தும் மனமில்லை என்று எண்ணிய குருவானவர் ஒரு கட்டத்தில் பாவமன்னிப்பு வழங்க மறுத்துவிட்டார். அந்தக் குருவைக் குறை சொல்ல வேண்டாம். அடிமைத்தனம் ஒரு நோய் என்பதை அன்று பலரும் அறிந்திருக்கவில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் நற்கருணை இன்றியே வாழ்ந்தார் மாற்கு. ஆனாலும் விசுவாசத்தை விடவில்லை.

அபினியில் இருப்பது மார்பின். அது மூளையில் வலியைத் தணித்து இன்ப உணர்வைத் தருகிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுவதால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை. அந்த நிலைக்கு வந்தவர் இன்பத்திற்காக அல்ல, வேதனை தாங்காமலே மீண்டும் தேடுகிறார். ஹெராயின் இந்த மார்பினிலிருந்தே செய்யப்படுகிறது. நம் ஊர்களில் சில இளைஞர்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வலி மாத்திரைகளும் மூளையில் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் எய்ட்ஸ் கிருமியும் மஞ்சள்காமாலைக் கிருமியும் பரவுகின்றன. அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும்.

பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிள்ளையின் உடல் பழைய அளவைத் தாங்காது. ஒருமுறை தவறி அதே அளவை எடுத்தாலும் உயிர் போகலாம். ஆகவே மீண்டும் விழுந்துவிட்ட மகனைத் திட்டி வீட்டைவிட்டுத் துரத்துவது பேராபத்து. குடும்ப மானம் போகும் என்று மூடி மறைப்பதும் அப்படியே. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஏக்கத்தைத் தணிக்கும் மருந்துகள் இன்று உள்ளன.

2021இல் உலகில் 29 கோடியே 60 லட்சம் பேர் போதைப்பொருள் பயன்படுத்தியதாகவும், அவர்களில் 3 கோடியே 95 லட்சம் பேர் அதனால் நோயுற்றிருந்ததாகவும் ஐ.நா. 2023இல் கணக்கிட்டது. நம் பங்கில் யாரும் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

திருச்சபையின் மறைக்கல்வி போதைப்பொருள் பயன்பாட்டைக் கனமான குற்றம் என்றும் (எண் 2291), பழக்கம் போன்றவை ஒருவரது பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்றும் (எண் 1735) சேர்த்தே கற்பிக்கிறது. முதலாவதை நாம் அடிக்கடி பிரசங்கத்தில் கேட்கிறோம்.

1900ஆம் ஆண்டு பாக்சர் கலகத்தில் மாற்குவும் அவர் குடும்பத்தாரும் பிடிபட்டனர். தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தனியே சாகக்கூடாது என்று, தம்மைக் கடைசியாக வெட்டும்படி கேட்டுக்கொண்டார். ஒவ்வொருவராக வெட்டுண்டபோது அருகில் நின்று தேவமாதா மன்றாட்டுமாலை பாடினார். அவர் திருநாள் ஜூலை 7.