உஷார்! அரிவாளை அந்த கிளாம்ப்பில் மாட்டாதீர்கள்

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே பெரிய மீன் வெட்டுபவர்கள், நேபாளம் போய் குக்ரி வாங்கி வந்து ஷோகேஸில் வைத்திருப்பவர்கள்... எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். கோணம் பிடித்துக் கத்தி தீட்டித் தரும் கிட் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தால், பெட்டியைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். காய்கறிக் கத்திக்கு அது நல்ல சாமான்தான். வளைந்த, கனத்த, முழங்கை நீளக் கத்தியை அதில் மாட்டினால் முதலில் கெடுவது கத்தி. அடுத்து உங்கள் விரல்.

கத்தியின் முதுகை ஒரு கிளாம்ப் கவ்விக்கொள்ளும். அதை ஒட்டி நிற்கும் சட்டத்தில் 17, 20, 25, 30 என்று டிகிரி போட்ட துளைகள். கல் பொருத்திய கம்பியை ஒரு துளையில் நுழைத்து, கத்தியின் வாய் நெடுகத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் கருவி. "கோணம் மாறவே மாறாது" என்று விளம்பரம் சத்தியம் செய்யும். நேரான வாய்க்கு அது சரி. வளைந்த வாய்க்குச் சுத்தப் பொய்.

துளைக்குப் பக்கத்தில் பொறித்த எண் கோணத்தைத் தீர்மானிப்பதில்லை. துளை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து வாயின் கோடு எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. கிளாம்ப்புக்கு நேர் எதிரே 15 செ.மீ. தள்ளி 20 டிகிரி கிடைக்கிறது என்று வையுங்கள். வாய் வெளிப்பக்கம் புடைத்து நுனியை நோக்கி வளையும் இடத்தில், அது போகும் திசையிலேயே ஒரு கோட்டை நீட்டி அளந்தால் அந்தத் தூரம் 20 செ.மீ. ஆகிவிடலாம். கோணம் 15 டிகிரிக்குச் சரிந்துவிடும். அரிவாளைப் போல உள்பக்கம் கொக்கியாகத் திரும்பினால் தூரம் 10 செ.மீ.க்குச் சுருங்கும், கோணம் 28 டிகிரியைத் தாண்டும். நீங்கள் துளையை மாற்றவே இல்லை. குக்ரியில் இந்த இரண்டு வளைவும் சேர்ந்தே இருப்பதால் இரட்டைத் தொல்லை.

சரி, ஐந்தாறு டிகிரி முன்னே பின்னே போனால் குடியா முழுகிவிடும்? முழுகும். கோணம் குறைந்த இடத்தில் கல் வாயைத் தொடவே தொடாது; அதற்கு மேலே இருக்கும் சரிவைத்தான் சுரண்டிக்கொண்டிருக்கும். சத்தம் வரும், இரும்புத்தூள் உதிரும், கூர் மட்டும் ஏறாது. உடனே என்ன செய்வீர்கள்? இன்னும் அழுத்துவீர்கள். ஆபத்து ஆரம்பமாவது இங்கேதான்.

குக்ரி என்றால் சாதாரணமாக 40 முதல் 45 செ.மீ. நீளம், 450 முதல் 900 கிராம் எடை. அதைத் தாங்கும் கிளாம்ப்பின் வாயோ இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. பிடிப்பக்கம் தடித்து நுனிப்பக்கம் மெலியும் முதுகை அது முழுசாகக் கவ்வாது, ஏதோ ஒரு மூலையில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் நுனிப்பக்கம் அழுத்தியதும் கத்தி கிளாம்ப்புக்குள்ளேயே திரும்பும். கல்லில் உங்கள் முழு பலமும் இருக்கிறது. கல் வழுக்கியதும் அந்த பலத்தோடு கை நேரே வாய் மேல் போய் இறங்கும். கல்லின் பக்கவாட்டைப் பிடித்திருந்தால், விரல் நுனி முன்பே கல்லுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு கையால் கிளாம்ப்பைப் பிடித்துக்கொண்டு தீட்டும் மாடலாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாய் முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு, அழுத்தாமல் இரண்டே இரண்டு முறை கல்லை ஓட்டுங்கள். உள்வளைவில் கல்லின் இரண்டு மூலைகள் பட்ட இடத்தில் மட்டும் பளிச்சென்று கீறல் தெரியும். நடுவில் மை அப்படியே இருக்கும். தட்டைக் கல் குழிக்குள் இறங்காது. விடாமல் தேய்த்தால் மூலைகள் பள்ளம் பறிக்கும், வளைவே நாளடைவில் தட்டையாகிவிடும்.

நேபாளத்துக் கொல்லர்கள் இதற்கு வழி வைத்துத்தான் கொடுக்கிறார்கள். குக்ரி உறையில் கூடவே இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும். கர்தா சின்னச் சின்ன வேலைக்கு. மொட்டையாக இருக்கும் சக்மக், பெரிய கத்தியின் வாயை உரசிச் சரிசெய்ய. அதை அலங்காரச் சாமான் என்று நினைத்துத் தூக்கிப்போட்டவர்கள்தான் பிறகு கிட் வாங்குகிறார்கள்!

வீட்டில் தீட்டியே ஆக வேண்டுமென்றால், கத்தியை அசையவிடாதீர்கள். மேசையில் இறுக்கிய வைஸில் இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தீட்டப்போகும் ஒரு சாண் போக, மீதி வாய்க்குப் பழைய தோட்டக் குழாயை நெடுக்காகப் பிளந்து மாட்டிவிடுங்கள். உள்வளைவுக்கு உருட்டுக் கட்டையில் சுற்றிய உப்புத்தாள் போதும். முதுகுப் பக்கமிருந்து வாயைத் தாண்டி வெளியே போகிற மாதிரி, ஒரே திசையில், லேசாக இழுங்கள். கையில் தடித்த தோல் கையுறை கட்டாயம். ஏறியிருக்கும் பிசிறைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். இதெல்லாம் தோதுப்படாது என்றால் பட்டறைக்கே கொண்டுபோங்கள். திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிப்பவர்களுக்கு எந்த வளைவில் எப்படிக் கல் வைப்பதென்று கை அறியும்.

ஆனால் தெருவில் கிரைண்டரை வைத்து நெருப்புப் பொறி பறக்கத் தீட்டுபவரிடம் கொடுப்பதாக இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளின் வாய் நீலம் பாய்ந்தால், அந்த இடத்துச் சூடு 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போய்விட்டது என்று அர்த்தம். அங்கே உறுதி இளகிவிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கை வெட்டுப்பட்டுவிட்டால், தயவுசெய்து காப்பித்தூளையோ மஞ்சளையோ காயத்தில் அப்பாதீர்கள். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, நுனி மரத்துவிட்டது என்றால் தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். அதற்கு மேல்தோலை மட்டும் தைத்து அனுப்பினால் போதாது; அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அன்றே போயாக வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.