சுழற்றினால் ஒன்று, வெட்டினால் ஒன்று

1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதாவதொரு லேத் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால், பத்தாம் வகுப்பு அளவியல் பாடம் இரும்பில் நடந்துகொண்டிருக்கும். சக்கில் இறுக்கிய ராடு சுழல்கிறது. டூல் சுழல்வதில்லை, டர்னர் நகர்த்தும் வழியில் மட்டும் போகிறது. அச்சுக்கு இணையாகப் போனால் உருளை. கொஞ்சம் சாய்ந்து போனால் டேப்பர், அதாவது கூம்பின் ஒரு துண்டு. வளைந்து போனால் குமிழ்க் கைப்பிடி.

அதனால்தான் டர்னருக்குத் தரும் டிராயிங்கில் பொருளின் முழு உருவம் வேண்டியதில்லை. சென்டர் லைன் ஒன்று, அதற்கு ஒரு பக்கத்து விளிம்புக் கோடு: போதும். மீதியைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும்.

எந்த அச்சில் சுழல்கிறது என்பதுதான் சங்கதி. 4 செ.மீ. அகலமும் 6 செ.மீ. நீளமும் உள்ள செவ்வகத்தை நீளப் பக்கத்தை அச்சாக வைத்துச் சுழற்றினால், சுமார் 302 கன செ.மீ. கொள்ளும் உருளை வரும். அகலப் பக்கத்தை அச்சாக்கினால் குட்டையான, ஆனால் 452 கன செ.மீ. கொள்ளும் உருளை. செவ்வகம் அதேதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைக்கும் முன் இதை மாணவர்களுக்குக் காட்டிவிடலாம்.

புஷ் போன்ற உள்ளீடற்ற பொருளுக்கு வெளிக்கோடு போதாது; துளை எவ்வளவு ஆழம் என்று தெரியாது. வரைவாளர் அதைக் கற்பனையில் அறுத்து, அறுபட்ட பரப்பைச் சாய்கோடுகளால் நிரப்பிக் காட்டுவார். அச்சு வழியே அறுத்தால் இரண்டு தனித்தனிச் செவ்வகங்கள். குறுக்கே அறுத்தால் வளையம். 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்த சி.டி. ஸ்கேன், கத்தியே படாமல் மூளைக்கு இதைத்தான் செய்தது.

சாய்வாக வெட்டும்போதுதான் வேடிக்கை. வட்டக் குழாயை 45 பாகையில் அறுத்தால் வாய் நீள்வட்டமாகிவிடும். அதன் நெட்டச்சு குழாய் விட்டத்தைப் போல 1.41 மடங்கு. அறுத்த ஒரு துண்டை அதன் அச்சிலேயே அரைச்சுற்று திருப்பினாலும் இரண்டு நீள்வட்டங்களும் பிசகாமல் பொருந்தும். ஆனால் குழாய் இப்போது நேராக நிற்காது, செங்கோணத்தில் திரும்பியிருக்கும். வெல்டர் அந்த விளிம்பைச் சுற்றிப் பற்றவைத்தால் வளைவு தயார்.