மிளகாய்: வந்த பொருளும் தந்த பெயரும்

சிங்கப்பூரில் மீன்தலைக் கறிக்கும் சம்பலுக்கும் உறைப்பூட்டுவது மிளகாய். தேக்கா சந்தையில் மிளகும் மிளகாயும் ஒருங்கே கிடைப்பதால், இரண்டும் ஓரினம் என மாணவர் எண்ணக்கூடும். அது தவறு. மிளகு, மேற்கு மலைத்தொடருக்குரிய கொடி. சங்க நூல்கள் அதனைக் ‘கறி’ என்னும். மிளகாயோ, மெக்சிகோ மக்கள் தொன்றுதொட்டுப் பயிரிட்ட செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது.

மெக்சிகோவின் நாவட்டில் மொழிச் சொல்லே ‘சில்லி’ என ஆங்கிலத்திலும் மலாயிலும் வழங்குகிறது. தமிழரோ அப்பெயரை ஏற்றிலர். மிளகுபோல் உறைக்கும் காய் என்று கண்டு, மிளகாய் என்றனர். இசுபானியரும் தம் மொழியில் மிளகைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் அமைத்தனர்.

பொருள் கடலைக் கடந்து வரலாம். பெயரை நம் நாவே படைக்கலாம். புதுப்பொருளைக் கண்டதும் பிறமொழிச் சொல்லை நாடும் மாணவர்க்கு, ஆசிரியர் முதலிற் காட்டத்தக்க சான்று இச்சொல்லே.