கட்டெறும்பை வளர்த்து மஞ்சள் எறும்பை அறிதல்

திண்டுக்கல் ஜில்லாவில் நத்தத்தை அடுத்த கரந்தமலைக் காட்டின் அடிவாரக் கிராமங்களில் 2022-ஆம் வருஷம் ஒரு விபரீதம் நேர்ந்தது. மஞ்சள் நிறச் சிற்றெறும்புகள் கணக்கின்றிப் பெருகி, மேய்ச்சலுக்குச் சென்ற ஆடுமாடுகளின் கண்களைத் தாக்கின என்றும், சில கால்நடைகள் பார்வையிழந்தன என்றும் குடியானவர்கள் முறையிட்டனர். கண்ட இடத்தில் மருந்து தூவினாலும் இத்தகைய எறும்பு மறுபடி வருவதேன்? இதனை அறிய எறும்புக் குடும்பம் நடைபெறும் விதத்தைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். அதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு.

இராணியைப் பிடித்து வைத்தல்

சோதனைக்கு ஏற்றது, மரத்தடியில் வளை தோண்டி வாழும் நமது கரிய கட்டெறும்பேயாம். குளிர் தேசங்களில் இதன் இனத்தைச் சேர்ந்தவை மரத்தைக் குடைந்து கூடு அமைப்பதால் தச்செறும்பு எனப்படும். அவையும் மரத்தை உண்பதில்லை. மழை ஓய்ந்த பொழுதுகளில் இறகு முளைத்த ஆணும் பெண்ணும் வளையை விட்டுப் பறக்கும். இணைந்தபின் ஆண் மாண்டுவிடும். பெண் இறகை உதிர்த்துவிட்டுத் தரையில் இடந்தேடித் தனியே திரியும். உடல் பருத்த அதுவே இராணி.

சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிச் சோதனைக் குழாயில் மூன்றிலொரு பங்கு நீர் விட்டு, நீரைத் தொடும்படி பஞ்சை இறுக்கி அடைக்க வேண்டும். இராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடி, கறுப்புத் துணி சுற்றி அசைவற்ற இடத்தில் வைக்கலாம். இப்பொழுது இரை வேண்டுவதில்லை. இராணியின் இறகுத் தசையும் கொழுப்பும் கரைந்து முதற்குஞ்சுகளுக்கு உணவாகும். வாரம் ஒரு முறைக்கு மேல் திறந்து பார்க்கலாகாது. கலவரப்பட்டால் இராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுவதுண்டு.

முட்டையும் குளிர்காலமும்

முட்டை மிகச் சிறியது. அது புழுவாகி, புழு பட்டுக்கூடு கட்டி, அக்கூட்டிலிருந்து எறும்பு வெளிவரும். எறும்பு முட்டை சுமந்து மேடேறினால் மழை வரும் என்பர் முன்னோர். அவ்வாறு சுமக்கப்படும் பெரிய வெண்பொருள்கள் பெரும்பாலும் முட்டையல்ல, கூட்டுப்புழுக்களே. முதல் உழைப்பாளி எறும்புகள் உருவிற் சிறியன. அவை வந்தபின் வெல்லநீர்த் துளியும் நசுக்கிய பூச்சித் துண்டும் அளிக்க வேண்டும்.

பனி தேசங்களில் தச்செறும்பு குளிர்காலம் முழுவதும் முட்டையிடாது ஒடுங்கியிருக்கும். திண்டுக்கல் சமவெளியில் அத்தகைய குளிர் இல்லை. மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி சற்றுத் தாமதப்படலாம், அவ்வளவே. ஆகையால் குழாயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை. ஈரமும் இருளும் காத்தால் போதும்.

இதனால் விளங்குவது யாதெனில், வெளியே திரியும் எறும்புகளைக் கொன்றாலும் உள்ளே இராணி முட்டையிட்டு அந்நஷ்டத்தை ஈடுசெய்துவிடும் என்பதே. இராணி மாண்டாலோ கட்டெறும்புக் குடும்பம் நாளடைவில் அழியும்.

மஞ்சள் எறும்பின் வேறுபாடு

கட்டெறும்புக்கு இராணி ஒன்று. மஞ்சள் எறும்புக்கோ ஒரே குடும்பத்தில் இராணிகள் பல. அவை சில உழைப்பாளிகளுடன் நடந்தே பிரிந்து அருகில் குடியேறும். கூடுகள் தம்முள் போரிடாமையால் பெரும் பரப்பு முழுதும் ஒரே குடும்பம் போலாகிவிடும். இவ்வெறும்பு கொட்டுவதில்லை, பார்மிக் அமிலத்தைப் பீச்சும். கண்ணைக் கெடுப்பது அதுவே.

இந்து மகாசமுத்திரத்திலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் இவ்வெறும்பு கோடிக்கு மேற்பட்ட சிவப்பு நண்டுகளைக் கொன்றது. 2002-இல் ஹெலிகாப்டரிலிருந்து நச்சிரை தூவியும் பின்னர் மீண்டும் பெருகிற்று. செதிற்பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீரே இதற்கு முக்கிய உணவெனக் கண்டு, 2016-இல் அப்பூச்சிகளை அழிக்கும் சிறு குளவியை அங்கு விட்டனர்.

செய்யத்தக்கன

1. எறும்பு கண்ட இடத்திலிருந்து மண், விறகு, நாற்று, வைக்கோல் ஆகியவற்றை நன்கு சோதியாமல் வேறிடம் கொண்டுசெல்லலாகாது. தொலைதூரம் பரவுவது பெரும்பாலும் நம் வண்டிகளாலேயே.

2. உழைப்பாளிகள் இராணிக்குக் கொண்டுசென்று ஊட்டும்படியான, மெதுவாக வேலை செய்யும் நச்சிரையே பயன்தரும். அதனையும் இலாகா அதிகாரிகளின் யோசனைப்படியே இடவேண்டும். காப்புக்காட்டில் தாமாக விஷம் வைத்தல் கூடாது.

3. கொய்யா, மா முதலியவற்றில் மாவுப்பூச்சி, செதிற்பூச்சி, அசுவினி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே ஒடுக்குக. தரையைத் தொடும் கிளைகளைக் கழித்து, அடிமரத்தில் பசைப்பட்டை கட்டுக.

4. கால்நடையின் கண்ணில் அமிலம் பட்டால் உடனே சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவி, அரசாங்கக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

5. சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர் நீளமும், நீண்ட கால்களும் உணர்கொம்புகளும் உடையதாய், கலைத்தால் தாறுமாறாய் ஓடும் மஞ்சள் எறும்பு புதிதாய்த் தோன்றிய கிராமத்தில், கிராம நிர்வாக அலுவலர் இடத்தைக் குறித்து, சிலவற்றைச் சாராயத்தில் இட்டு, வேளாண்மை, வன இலாகாக்களுக்கு அனுப்புதல் வேண்டும்.

ஒரு தோப்பளவில் இருக்கும்போது தடுப்பது எளிது. மலையளவு பரவியபின் அரிது. ஆகையால் மிராசுதாரர்கள் தத்தம் நிலத்து எறும்பை இனமறிந்து கவனித்து வருவார்களாக.